இரண்டு சிவப்புக் காளிகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் யாரும் சனி, ஞாயிறு விடுப்பு கேட்க மாட்டோம். கேட்டாலும் கிடைக்காது. திருநெல்வேலியைச் சுற்றி புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் வாரக் கடைசி என்றால் எங்கேயாவது கூட்டம் கூடும். சனிக்கிழமை பெருமாள் கோயில்கள், பாளையங்கோட்டையில் தசராச் சப்பரங்கள், ஐப்பசியில் ஆற்று நீராடல், டவுனில் திருக்கல்யாணம், இத்தனைக்கும் நடுவில் எங்கள் சபைகளின் அறுப்பின் பண்டிகை. ஊரே குளித்து உடுத்திக் கிளம்பும்போது நாங்கள் பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். முப்பத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். ஒரு திருவிழாவிலும் சாமியையோ தேரையோ ஒழுங்காகப் பார்த்ததில்லை.

போன மாதம் எங்கள் சிஸ்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. காளி வேஷம் போட்ட ஒருவரின் மணிக்கட்டு. அதில் பெயரும் ஊரும் எண்ணும் எழுதிய காகிதப் பட்டை. இனிமேல் தசரா முகாமுக்கு வருகிற எல்லோருக்கும் இதைக் கட்ட வேண்டுமாம். அதற்குக் கீழே, இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண், இந்தக் கூட்டத்தில் இதெல்லாம் வெட்டி வேலை என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுதலாம் என்று ஆரம்பித்தேன். நாலு வரி தட்டுவதற்குள் கட்டைவிரல் வலித்துவிட்டது. போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா கணக்கு வாத்தியார். நர்சிங் படிப்பில் முதல் ஆறு மாதம் படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்கத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினேன். மீதி நாளெல்லாம் அதைத் தவிர வேறு விஷயங்களுக்குத் திட்டு வாங்கினேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் திருவிழாக்கள் கற்றுக்கொடுத்தவை. கருங்குளம் மலைப் படிக்கட்டில் மயங்கி விழுந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது சாப்பிட்டீர்களா என்பது. ஐப்பசி ஆற்றில் வழுக்கி விழுந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் தலையில் அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். எங்கள் சபை விருந்தான அசனத்தில் கொதிக்கிற குழம்பு காலில் கொட்டிவிட்டால், மாவைப் பூசியும் மையைத் தடவியும் ஆறு பேர் உதவி செய்வதற்குள் நாம் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

எங்கள் முகாம்களுக்குத் தலைமை டாக்டர் கோமதி. ஒல்லியான மனுஷி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. நோயாளி வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். வீக்கம், புண், நகத்தின் நிறம், செருப்பு தேய்ந்திருக்கிற விதம். முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பார். இன்னொன்று, எந்த மருந்தைச் சொன்னாலும் நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பாராசிட்டமால் மாத்திரையாக இருந்தாலும், "திருப்பிச் சொல்லுங்க சிஸ்டர்" என்று பேனாவைக் காற்றில் நிறுத்திக்கொண்டு நிற்பார். பெயர், மருந்து, அளவு, எந்த வழியாக. சொல்லி முடித்தால்தான் பேனா காகிதத்தில் இறங்கும். புதிதாக வந்தவர்கள் அவர் இல்லாதபோது இதைப் பழித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி குலசைக்கு வருகிறேன். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு நேர்ச்சை போட்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடைசி நாளில் கோயிலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். குரங்கு, கரடி, குறத்தி, போலீஸ், ராஜா என்று எல்லா வேஷமும் உண்டு. அதில் காளி வேஷம் தனி. நாற்பத்தொரு நாள் விரதம், ஒரு வேளை பச்சரிசிச் சோறு, செருப்பு கிடையாது. முகம் முழுக்கச் சாயம், பெரும்பாலும் சிவப்பு, தலையில் கிரீடம், முதுகில் தகரக் கைகள், வாயில் கவ்விக்கொள்ளத் தொங்கும் நாக்கு. அந்த நாக்கை வைத்துக்கொண்டு பேச முடியாது. கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை கிரீடத்தை இறக்கக் கூடாது, இறக்கினால் நேர்ச்சை கெட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேஷம் கட்டிய ஆணை எல்லோரும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கேட்பது மரியாதை இல்லை.

அம்மா என்பது எனக்கு நாக்கில் வராது. நான் கோயில் என்று சொன்னால் சிலுவை வைத்த கோயில். மீசை வைத்த ஆளைப் பார்த்து அம்மா என்று கூப்பிடுவது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பெயர் கேட்டால் கூட வருகிறவர்கள் முறைப்பார்கள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பதிவேட்டில் பெயர் என்று இருக்கும் இடத்தில் வேஷத்தை எழுதிவிடுவேன். கரடி, ஏரல். குறத்தி, ஆழ்வார்குறிச்சி. கூப்பிடுவதும் அப்படித்தான். "கரடி, இங்கன வாங்க. பச்சைக் காளி, கையை நீட்டுங்க." வேகமாக வேலை முடியும். மற்ற நர்சுகளும் அப்படியே எழுதப் பழகிக்கொண்டார்கள். டாக்டர் ஒரு முறை புருவத்தைத் தூக்கினார், கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, தசராவின் கடைசி நாள் வாரக் கடைசியோடு சேர்ந்து வந்தது. கேட்க வேண்டுமா? உடன்குடியிலிருந்து குலசைக்குப் போகும் சாலை ஓரத்தில் பந்தல் போட்டிருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு, சேரன்மகாதேவிப் பக்கத்துக் குழு ஒன்றிலிருந்து இரண்டு சிவப்புக் காளிகள் பத்து நிமிட இடைவெளியில் உள்ளே வந்தார்கள். ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த வேஷம். ஒரே சாயம், ஒரே கிரீடம், ஒரே சிவப்புச் சேலை.

முதலில் வந்தவர், பெயர் பிறகுதான் தெரிந்தது, செல்லையா அண்ணாச்சி, குழுவின் தலைவர், ஐம்பது வயதுக்கு மேல். சர்க்கரை நோய்க்காரர். விரதத்தில் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நானூற்றுக்கு மேல். அடுத்து வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கிறுகிறுப்பு, குதிகாலில் கொப்புளம் உடைந்த புண். சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. அவருக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர்ப் பொட்டலம் கொடுத்து, கட்டுப் போடும் உதவியாளரிடம் காலைக் காட்டச் சொன்னேன். இரண்டு பேரையும் பதிவேட்டில் எழுதினேன். சிவப்புக் காளி, சேரன்மகாதேவி. அதற்குக் கீழே, சிவப்புக் காளி, சேரன்மகாதேவி.

டாக்டர் முதல் ஆளைப் பார்த்துவிட்டு இன்சுலின் எழுதினார். ஊசி போட்டு இங்கேயே உட்கார வைக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். வழக்கம்போலத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சிவப்புக் காளி, இன்சுலின், இத்தனை யூனிட், கையில் தோலுக்கு அடியில் என்று நானும் பிசிறில்லாமல் சொன்னேன். அதற்குள் நெஞ்சு வலி என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், டாக்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தபோது பெஞ்சின் முதல் இடத்தில் ஒரு சிவப்புக் காளி உட்கார்ந்திருந்தது. "உங்களுக்குத்தானே சர்க்கரை?" என்று கேட்டேன். கையைத் தூக்கித் தலையை ஆட்டியது. போட்டுவிட்டேன்.

அந்தத் தலையாட்டல் எனக்குச் சொன்ன பதில் இல்லை. பந்தலுக்கு வெளியே நின்று கும்பிட்ட ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த ஆசீர்வாதம். செல்லையா அண்ணாச்சி தண்ணீர் குடிக்க எழுந்து போனதும், கட்டுப் போட்டுக்கொண்டு வந்த இளைஞர் அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஊசி போட்டதைத் தன் கிறுகிறுப்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, மேளம் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து என் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் செல்லையா அண்ணாச்சி, நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"சிஸ்டர், எனக்கு ஊசி உண்டும்னு டாக்டரம்மா சொன்னாவளே. இன்னும் போடலையே."

காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கிற, சர்க்கரை சரியாக இருக்கிற ஆளுக்கு இன்சுலின் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர் இப்போது எங்கோ வெயிலில் நடந்துகொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், விழுவார். கவனிக்காவிட்டால் திரும்ப எழுந்திருக்க மாட்டார்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திட்டவில்லை. எத்தனை மணிக்குப் போட்டேன் என்று கேட்டார். இரண்டு இருபது என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

"அவர் நடுங்கிக் கீழ விழுந்தா, பக்கத்துல இருக்கவங்க என்ன செய்வாங்க?"

"கும்பிடுவாங்க டாக்டர்" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் முழுசாக வந்தது. வேறெந்தச் சாலையிலும் ஒரு ஆள் நடுங்கி விழுந்தால் தூக்குவதற்கு நாலு பேர் வருவார்கள். அந்தச் சாலையில், அந்த நாளில், காளி வேஷத்தில் ஒருவர் நடுங்கினால் அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்று குலவை போடுவார்கள்.

திருவிழா மைக்கில் கூப்பிடலாம் என்றால் பெயர் வேண்டும். செல்லையா அண்ணாச்சிதான் சொன்னார். இசக்கிமுத்து, நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். பிரசவத்துக்குப் பிறகு பொண்டாட்டி பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் எழுந்து நடந்தால் மூன்று வருடம் காளி கட்டுவதாக நேர்ந்திருக்கிறார். இது மூன்றாவது வருடம். சொல்லிவிட்டு அண்ணாச்சி கையை விரித்தார்.

"மைக்குல பேரச் சொன்னா அவன் திரும்ப மாட்டான் சிஸ்டர். மாலை போட்ட நாள்ல இருந்து அவன் பொண்டாட்டியே அவன அம்மான்னுதான் கூப்பிடுதா."

இருந்தாலும் டாக்டர் மைக் இருக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பினார். என்னைப் பார்த்து, "முகத்தப் பாத்துத் தேடாதீங்க. குதிகால்ல கட்டு இருக்கும்" என்றார். குளுக்கோஸ் பொட்டலங்களையும் கரைத்து வைத்த ஒரு பாட்டிலையும் அள்ளிக்கொண்டு நானும் கட்டுப் போட்ட உதவியாளரும் ஓடினோம்.

ஐம்பத்தாறு வயதில் நான் ஓடியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. குனிந்துகொண்டே ஓடினேன். சாலை முழுக்கக் கால்கள். தூசி படிந்த கால், சலங்கை கட்டிய கால், வெடித்த கால். சிவப்புச் சேலையைக் கண்டால் பின்னால் போய்க் குதிகாலைப் பார்ப்பேன், இல்லை என்று தெரிந்ததும் அடுத்த சேலை. ஆண்டவரே, ஒரு வெள்ளைக் கட்டைக் காட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். எத்தனை காளிகளைப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு எதிரே கூட்டம் வட்டமாக நின்றது. மேளம் வேகம் பிடித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புக் காளி ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் என்று சொல்ல முடியாது, தள்ளாட்டம். வேர்வையில் முகத்துச் சாயம் கழுத்து வரை வழிந்திருந்தது. சூலம் பிடித்த கை கிடுகிடுவென்று நடுங்கியது. ஒரு பெண், மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று காலில் விழுந்து குறி கேட்டுக்கொண்டிருந்தாள். விழுந்த அவளுடைய தலைக்குப் பக்கத்தில் அந்தக் குதிகால், அதில் அழுக்கேறிய வெள்ளைக் கட்டு.

உள்ளே புகுந்து கையைப் பிடித்தேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன், இவருக்கு உடம்பு சரியில்லை என்று கத்தினேன். யார் காதில் விழும்? ஒரு பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதிய. அம்மா எறங்கியிருக்கா, பாத்தா தெரியலையா?"

குளுக்கோஸ் பாட்டிலை அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் கொண்டுபோனேன், கையால் தட்டிவிட்டார், பாட்டில் உருண்டு போனது. சர்க்கரை இறங்கிய ஆள் அப்படித்தான் முரண்டு பிடிப்பார், அது எனக்குத் தெரியும். ஐயா, இசக்கிமுத்து ஐயா என்று கூப்பிட்டேன். கண் என் பக்கம் வரவே இல்லை. சுற்றி நின்றவர்கள் என்னைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போனால் விழுங்கக்கூட முடியாமல் போய்விடும்.

உதவியாளரிடம் சொல்லி எதிரே இருந்த தண்ணீர்ப் பந்தலிலிருந்து ஒரு தம்ளர் பானக்காரம் வாங்கிவரச் செய்தேன். கருப்பட்டி கரைத்தது. அதிலே இரண்டு பொட்டலம் குளுக்கோஸைக் கொட்டிக் கலக்கினேன். அவருக்கு முன்னால் ரோட்டில் மண்டியிட்டேன். தம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, நான் பாளையங்கோட்டையில இருந்து வந்திருக்கேன். இது என் காணிக்கை. வாங்கிக்கிடுங்கம்மா."

உயிரைக் காப்பாற்ற ஒரு தந்திரம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லும்போது தந்திரமாக இல்லை. நிஜமாகவே கெஞ்சினேன். மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். என்னைத் தள்ளிய பெண் கையை எடுத்துக் கும்பிட்டாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நடுங்குகிற கையால் தானே நாக்கைக் கழற்றினார். தம்ளரை நான் பிடித்துக்கொள்ள, பைய, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இன்னொரு தம்ளர் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து முகாமுக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் கிரீடத்தைத் தொடவில்லை. முதுகில் தகரக் கைகளோடு அவர் சாய முடியாது என்று தெரிந்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தார். கால் மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தோம். வாழைப்பழம், பால், மறுபடியும் குளுக்கோஸ். பொழுது சாய்கிறவரை நான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. செல்லையா அண்ணாச்சிக்கு டாக்டரே ஊசி போட்டார். ஆம்புலன்சில் ஏற மாட்டேன், அந்தப் பயல் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அவரும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

சர்க்கரை நிலையாக நின்றதும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். போய் எதிரே உட்கார்ந்தேன்.

"உங்களுக்குப் போட வேண்டாத ஊசிய நான் போட்டுட்டேன். ஆள் மாறிப்போச்சு. அதனாலதான் உங்களுக்கு அப்படி வேர்த்துச்சு, நடுங்குச்சு. தப்பு முழுக்க என் மேல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் தன் கையைப் பார்த்தார்.

"அப்ப அது அருள் இல்லையா, சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"கூட வந்த எல்லாத்துக்கும் வந்துட்டு. மூணு வருசமா எனக்கு மட்டும் வரல. இன்னைக்குத்தான் அவ வந்துட்டான்னு நெனச்சேன்."

டாக்டர் கோமதி பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் எனக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை. அருளாக இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் சந்தோஷமாக எழுந்து போயிருப்பார். என் தப்பும் பாதி மறைந்திருக்கும். அந்த இரண்டாவது விஷயம்தான் என்னைத் தடுத்தது.

"இல்ல. ஊசிதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நாக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். குழு வந்து கூட்டிக்கொண்டு போனது.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். "தவறுதலாக" என்று ஆரம்பித்தேன். டாக்டர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, என்ன செய்தேனோ அதை மட்டும் எழுதச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, பெயர் எழுதும் இடத்தில் வேஷத்தை எழுதினேன், இரண்டு பேருக்கும் ஒரே வேஷத்தை எழுதினேன். அதற்குக் கீழே, பதிவேடு இப்படி எழுதப்படுவதைப் பார்த்தும் தான் திருத்தவில்லை என்று அவர் தன் கையெழுத்தில் சேர்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. வாங்கிக்கொண்டோம். அந்த மனிதரின் பெயரையும் நான் கேட்கவில்லை, அவர் சுமந்து வந்ததையும் மதிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து, சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டை கட்டுவது வெட்டி வேலை என்று எழுதிய பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

அடுத்த வருடம் அதே சாலை, அதே பந்தல். மதியம் ஒரு சிவப்புக் காளி உள்ளே வந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே நாக்கைக் கழற்றிவிட்டு, பேரு இசக்கிமுத்து, சேரன்மகாதேவி என்றது. பெயர் என்று இருக்கும் இடத்தில் அதை எழுதினேன். கால் புண்ணாகியிருந்தது, கட்டுப் போட்டேன். பொண்டாட்டி நன்றாக இருக்கிறாள் என்றார். நேர்ச்சை மூன்று வருடம்தானே, போன வருடத்தோடு முடிந்துவிட்டதே, பிறகு ஏன் மறுபடியும் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"போன வருசம் வந்தது அவ இல்லன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னிய. அப்ப இன்னும் அவ வரலல்லா."

கோபமாகச் சொல்லவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் சொல்வது மாதிரிதான் சொன்னார். நாக்கை மாட்டிக்கொண்டு எழுந்து, மேளத்தோடு சேர்ந்து நடந்து போனார். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் இன்னொரு நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து, செருப்பில்லாமல் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.